சொத்து வரி ஆன்லைன் சேவை: கட்டுவது சுலபம், தெரு பழுது தனிக் கதை

நாகர்கோவில்காரர்களுக்கு, தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளின் இணையதளத்தில் சொத்து வரி கட்டுவது வரிசையில் நிற்பதைவிட எவ்வளவோ மேல். வரிவிதிப்பு எண் கையில் இருந்தால் போதும். ஏப்ரல் 30, அக்டோபர் 31 தேதிகளுக்குள் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சவரம்பு 5,000 ரூபாய். பணம் போய் ரசீது வராவிட்டால் உடனே மறுபடி கட்டிவிடாதீர்கள். முதலில் நிலுவையைப் பாருங்கள்.

வரி கட்டியும் தெரு பழுது சரியாகவில்லையே என்ற கேள்விக்கு வருவோம். இந்த வரி சம்பளம், குப்பை, தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் பங்கு போகிறது. முழு ரோடு போட பெரும்பாலும் அரசு நிதிதான் வரவேண்டும். ஒட்டுப்போடும் வேலையையாவது கவனியுங்கள். பள்ளத்தைச் சதுரமாக வெட்டி, தூசி தட்டி, தார் தெளித்து, கலவை கொட்டி உருளை ஓட்ட வேண்டும். தார் தெளிக்காமல் ஜல்லியை மட்டும் நிரப்பினால், இரண்டு பருவமழையும் பெய்யும் இந்த மாவட்டத்தில் அடுத்த மழைக்கே பெயர்ந்துவிடும். ஓடையில் தண்ணீர் வடியாத தெருவில் என்ன ஒட்டினாலும் வீண். காத்திருக்க முடியாதவர்கள் மக்களும் அரசும் செலவைப் பகிரும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில், வேலைச் செலவில் மூன்றில் ஒரு பங்கைத் தெருக்காரர்கள் சேர்ந்து கட்டி மனு கொடுக்கலாம். வரி ரசீதுகளை இணைத்தால் பேச்சுக்கு வலு.