சென்னையின் பேட்டைப் பூங்காக்கள்: ஊஞ்சலும் அதன் கீழுள்ள தரையும்

சிங்கப்பூரில் ஜூன் மாதப் பள்ளி விடுமுறை தொடங்கியதும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் புறப்படும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. உறவினர் வீடு, கோயில், தியாகராய நகர்த் துணிக்கடை என்று பெரியவர்களுக்குப் பொழுது தானாகவே போய்விடும். எட்டு வயது மகளுக்கும் நான்கு வயது மகனுக்கும் அப்படியில்லை. மாலையில் ஓடியாட ஓரிடம் கிடைக்காவிட்டால் இரவு உறங்கும்வரை வீடு இரண்டுபடும். ஆகவே இம்முறை பெற்றோர் வீடு இருக்கும் கே.கே. நகரைச் சுற்றிலும், பிறகு நகரின் வேறு சில பகுதிகளிலும் உள்ள சிறுவர் விளையாட்டிடங்களைக் கவனமாகப் பார்த்து வந்தேன். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊஞ்சல், சறுக்குமரம் போன்ற கருவிகளுக்குச் சென்னையில் பெரிய பஞ்சம் இல்லை. அவற்றின் கீழுள்ள தரை, மேலுள்ள நிழல், கதவு திறந்திருக்கும் நேரம் ஆகிய மூன்றும்தான் ஒரு பூங்காவைக் குழந்தைக்கு உகந்ததாக்குகின்றன. அந்த மூன்றும்தான் இடத்துக்கு இடம் மாறுகின்றன.

பூங்கா எங்கே இருக்கும் என்பதே சென்னையில் அந்தப் பேட்டை எப்போது, யாரால் உருவாக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. கே.கே. நகர், அசோக் நகர், அண்ணா நகர் போன்றவை திட்டமிட்டு மனை பிரிக்கப்பட்ட பகுதிகள் என்பதால் நடந்து போகும் தொலைவில் ஏதேனும் ஒரு பூங்கா இருந்துவிடுகிறது. வடசென்னையின் பழைய, நெருக்கமான தெருக்களில் அந்த வசதி குறைவு. அங்கே குழந்தைகளின் ஆட்டம் இன்னும் தெருவிலேயே நடக்கிறது. 2011-இல் சுற்றியிருந்த நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் இணைக்கப்பட்டு மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அப்படிச் சேர்ந்த பகுதிகளில் நாம் காணும் சிறு பூங்காக்களில் பல, திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலத்தில் அமைந்தவை. 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவுக்கு அனுமதி பெறுகிறவர், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. மனை போடுகிறவர் எந்த மூலையை விற்க முடியாது என்று கருதுகிறாரோ அந்த மூலை பூங்காவாகும் வாய்ப்பு அதிகம் என்று என் தந்தை சொல்வார். முக்கோணமாகவும் நீளப் பட்டையாகவும் நான் பார்த்த சில பூங்காக்களை நினைத்தால் அவர் சொல்வதை மறுக்கத் தோன்றவில்லை.

கே.கே. நகர் சிவன் பூங்காவில் எங்கள் குழந்தைகளுக்கு மனம் நிறைந்தது. மரங்கள் வளர்ந்து முதிர்ந்திருக்கின்றன. நடைப்பயிற்சி செய்வோர் கூட்டம் காலையும் மாலையும் இருப்பதால் தனியாக உட்கார்ந்திருக்கும் தாய்க்கும் அச்சமில்லை. கூட்டம் இருக்கும் பூங்கா தானாகவே கண்காணிக்கப்படுகிறது. ஊஞ்சலுக்கு வரிசை நிற்க வேண்டியிருந்தது என்பதைத் தவிர மகனுக்குக் குறை ஏதும் இல்லை.

மற்ற இடங்களில் பார்த்த கருவிகளை இரண்டு தலைமுறையாகப் பிரிக்கலாம். முதலாவது, இரும்புக் குழாயை வளைத்துப் பற்றவைத்துச் செய்தவை: சங்கிலி ஊஞ்சல், சீசா, கையால் தள்ளிச் சுற்றும் ராட்டினம், அரைக்கோளமாக நிற்கும் ஏறுகம்பி. இரண்டாவது, அண்மை ஆண்டுகளில் எல்லாப் பேட்டைகளிலும் ஒரே சாயலில் வந்திறங்கியிருக்கும் பிளாஸ்டிக் கோபுரங்கள். சிவப்புக் கூரை, மஞ்சள் சறுக்கு, நீலக் குழாய். சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிகளின் கீழே இருப்பவையும் ஏறத்தாழ இதே வடிவம்தான் என்பதால் மகன் முதல் நாளே பழகிவிட்டான். இரும்புக் கருவிகளைப் பழமை என்று ஒதுக்க நான் தயாரில்லை. பற்றவைப்பு விட்டுப்போனால் பக்கத்துத் தெருப் பட்டறையிலேயே சரிசெய்துவிடலாம். பிளாஸ்டிக் சறுக்கு வெயிலில் வெளிறி விரிசல் விட்டால் அந்தத் துண்டையே மாற்றியாக வேண்டும், அது வரும்வரை கயிறு கட்டி மூடி வைக்க வேண்டும். அப்படி மூடப்பட்ட சறுக்குகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்தேன்.

ஆனால் எனக்கு உண்மையில் கவலை தந்தது கருவிக்குக் கீழே இருந்ததுதான். ஒரு பூங்காவில், பெயர் வேண்டாம், ஒன்றரை மீட்டர் உயரத்துக்குமேல் நிற்கும் புத்தம் புதிய சறுக்குமரத்தின் அடியில் பேவர் பிளாக் கல் பதித்திருந்தார்கள். கல் பதித்தால் சேறு இல்லை, பெருக்குவது எளிது, திறப்பு விழாப் படத்தில் பார்ப்பதற்கும் சுத்தமாக இருக்கும். ஏணியில் கால் தவறும் குழந்தைக்கு மட்டும் அது பொருந்தாது. விளையாட்டுக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரவிதியான இஎன் 1176 இந்த விஷயத்தில் மிகத் தெளிவானது. எந்தக் கருவியிலும் விழும் உயரம் 3 மீட்டரைத் தாண்டக் கூடாது. 2 மீட்டர் உயரத்திலிருந்து விழக்கூடிய இடத்தில் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணலும், கால் பட்டுச் சிதறுவதற்காக மேலும் 10 சென்டிமீட்டரும் இருக்க வேண்டும். அதாவது, தலையைக் காப்பாற்ற விலையுயர்ந்த ரப்பர் தரை வேண்டியதில்லை, ஒரு முழத்துக்கும் குறைவான ஆற்று மணல் போதும். பழைய சென்னைப் பூங்காக்களில் ஊஞ்சலின் அடியில் மணல்தான் இருந்தது. இன்றும் சில இடங்களில் இருக்கிறது, ஆனால் கால்கள் உதைத்து உதைத்து ஊஞ்சலுக்கு நேர் கீழே குழியாகி, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் நிலையில் இருக்கிறது. இரு வாரங்களுக்கு ஒருமுறை மண்வெட்டியால் மணலை இழுத்துச் சமன் செய்தால் தீர்ந்துவிடும் வேலை இது.

சிங்கப்பூரிலும் முன்பு மணல்தான். தோ பாயோவில் 1979-இல் அமைக்கப்பட்ட டிராகன் விளையாட்டிடம் இன்றும் மணல் தரையோடு நிற்கிறது. மற்ற இடங்களில் பிற்காலத்தில் ரப்பர் தரை வந்துவிட்டது. சென்னையிலும் ரப்பர் தரை போட்ட பூங்காக்கள் பெருகி வருகின்றன. விழுந்தால் அடிபடாது என்பது உண்மைதான். ஆனால் நிழலில்லாத இடத்தில் ஜூன் மாத நான்கு மணி வெயிலில் அதன்மேல் வெறுங்காலோடு நிற்க முடியவில்லை, சறுக்கின் பிளாஸ்டிக்கும் அப்படியே. மகள் சறுக்கின் உச்சிவரை ஏறி, கையை வைத்துப் பார்த்து, பின்னால் நின்ற குழந்தைகள் எல்லாரையும் கீழே இறங்கச் சொல்லி, தானும் அதே ஏணி வழியாக இறங்கி வந்தாள். எந்தக் கருவியை வாங்குவது என்று முடிவெடுப்பவர்கள் மாலை ஏழு மணிக்குப் பதிலாக நான்கு மணிக்கு ஒருமுறை அங்கே வந்து நின்றால் நல்லது.

நிழலைப் பற்றிப் பேசும்போது வர்தாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த அந்தப் புயல் நகரெங்கும் பெருமரங்களைச் சாய்த்தது. அதன்பின் நட்ட கன்றுகள் வளர்ந்து வருகின்றன என்றாலும், பல பூங்காக்களில் அவை சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. நிழல் விழுவது நடைபாதையின்மேல், வெயில் விழுவது குழந்தைகளின்மேல். விளையாட்டிடத்தின் மேற்குப் பக்கத்தில் இரண்டு புங்கமரங்களை நட்டால் மாலை வெயில் மறைந்துவிடும். பந்தல் போல் துணிக்கூரை போட்ட ஓரிரு இடங்களையும் பார்த்தேன், அவை நன்றாகவே பயன்படுகின்றன.

திறந்திருக்கும் நேரம் இன்னொரு சிக்கல். காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் என்று திறந்து, நடுப்பகலில் பூட்டிவிடும் வழக்கம் சில சிறு பூங்காக்களில் தொடர்கிறது. ஒரு பூங்காவில் பலகையில் எழுதியிருந்த நேரம் கடந்தும் கதவு திறக்கவில்லை. சாவி வைத்திருந்தவர் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது, இரண்டு பூங்காக்களுக்குத் தான் ஒருவரே காவலாளி என்றும், அந்தப் பூங்காவைத் திறந்துவிட்டுத்தான் இங்கே வர முடியும் என்றும் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கேதான் ஓர் ஊஞ்சலின் சங்கிலிக் கொக்கி தேய்ந்து, பாதி வாய் திறந்த நிலையில் தொங்குவதை அவரிடம் காட்டினேன். "நானும் சொல்லிட்டேன்மா, வரோம்னாங்க" என்றவர், என் முன்னிலையிலேயே மீண்டும் ஒப்பந்ததாரரின் ஆளைக் கைப்பேசியில் அழைத்தார். அடுத்த முறை நாங்கள் போனபோது பிரச்சினை தீர்ந்திருந்தது: ஊஞ்சல் பலகையையும் சங்கிலியையும் கழற்றி எடுத்துச் சென்றிருந்தார்கள், வெறும் சட்டம் மட்டும் நின்றது. ஆபத்தான ஊஞ்சலைவிட ஊஞ்சலே இல்லாதது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கொக்கியின் விலை என்ன என்று அறிந்தவர்கள் இதைக் கண்டு சிரிக்கத்தான் செய்வார்கள். கருவி வாங்கும் ஒப்பந்தத்திலேயே தேயும் பாகங்களுக்கான உதிரிகளையும் சேர்த்து வாங்கி அந்தந்தப் பூங்காவின் அறையில் வைத்துவிட்டால் இந்த நிலை வராது.

பூங்காவுக்குள் இடத்தை யார் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. சென்னைப் பூங்கா முதன்மையாக நடப்பவர்களுடையது. சுற்றிலும் நடைபாதை, ஒரு மூலையில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதை, மற்றொரு மூலையில் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் போக எஞ்சிய இடம் குழந்தைகளுக்கு. அந்த உடற்பயிற்சிக் கருவிகளில் குழந்தைகள் ஆடுகிறார்கள், ஊஞ்சலில் பெரியவர்கள் ஆடுகிறார்கள். பெரியவர்கள் ஊஞ்சலில் அமரக் கூடாது என்ற பலகையின் அடியிலேயே இது நடக்கிறது. காலால் வீசி நடக்கும் உடற்பயிற்சிக் கருவியில் ஒரு சிறுவனின் விரல் நசுங்கப் பார்த்ததைக் கண்ட பிறகு என் மகனை அந்தப் பக்கம் விடவில்லை. எந்தக் கருவி எந்த வயதுக்கு என்று எழுதிய பலகை சிங்கப்பூரில் எங்கும் உண்டு, அதோடு பழுதானால் அழைக்க வேண்டிய நகர மன்றத்தின் எண்ணும் இருக்கும். சென்னையில் நான் பார்த்த பலகைகள் பெரும்பாலும் செய்யக் கூடாதவற்றின் பட்டியல்களாகவே இருந்தன: பந்து கூடாது, சைக்கிள் கூடாது, புல்லில் அமரக் கூடாது.

இதற்கு மாறான இடங்களும் உள்ளன. மயிலாப்பூர் லஸ் பகுதியில், அமிர்தாஞ்சன் நிறுவனரின் பெயர் தாங்கிய நாகேஸ்வரராவ் பூங்காவைச் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனம் நெடுங்காலமாகத் தத்தெடுத்துப் பராமரித்து வருகிறது; இளம் பாடகர்கள் ஒலிபெருக்கி இல்லாமல் பாடும் கச்சேரியும் அங்கே நடப்பது வழக்கம். மர நிழலும், பழுதில்லாத கருவிகளும், முதியோரின் சதுரங்கமும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருப்பதால் மூன்று தலைமுறைக்கும் அங்கே வேலை இருக்கிறது. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்காகச் சாந்தோமில் 2019-இல் திறக்கப்பட்ட பூங்கா நகருக்கு மிகவும் தேவையான ஒன்று. ஆனால் இவ்வளவு பெரிய நகரில் அத்தகைய இடத்துக்காக ஒரு குடும்பம் ஆட்டோ பிடித்துப் பல மைல் போக வேண்டியிருப்பது சரியன்று. மாநகராட்சியின் ஒவ்வொரு மண்டலத்திலும் ஒன்றாவது வேண்டும். கிண்டி சிறுவர் பூங்கா வனத்துறையின் பொறுப்பில் உள்ளது, நுழைவுக் கட்டணம் உண்டு, செவ்வாய்க்கிழமை விடுமுறை. விலங்குகளையும் பறவைகளையும் பார்க்க ஒரு நாள் ஒதுக்கிப் போக வேண்டிய இடமே தவிர, அன்றாட மாலைக்கு உரியதன்று.

வணிக வளாகங்களில் உள்ள குளிரூட்டப்பட்ட விளையாட்டு அறைகளுக்கும் ஒருமுறை போனோம். மணிக்கணக்கில் கட்டணம், காலுறை கட்டாயம், இல்லையென்றால் அங்கேயே விலைக்கு வாங்க வேண்டும். குழந்தைகளுக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அங்கே என் மகள் யாரோடும் பேசவில்லை. சிவன் பூங்காவில் ஊஞ்சல் வரிசையில் நின்றபோது அவளுக்குக் கிடைத்த இரண்டு தோழிகளின் வழியாகத்தான் அவளுடைய தமிழ் அந்த விடுமுறையில் தேறியது. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் தங்கள் சுவருக்குள்ளேயே விளையாட்டிடம் கட்டிக்கொள்வதால் அங்குள்ள குழந்தைகள் பொதுப் பூங்காவுக்கு வருவதில்லை. குரல் கொடுத்துக் கேட்டு வாங்கும் பெற்றோர்களும் அவர்களோடு சேர்ந்தே போய்விடுகிறார்கள்.

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சறுக்கும் சீசாவும் போதாது, அவர்களுக்குத் திடல் வேண்டும். மாநகராட்சியின் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியார் வழியாக நடத்திக் கட்டணம் வசூலிக்கும் தீர்மானம் 2024 அக்டோபரில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. அது நல்ல முடிவு. பேட்டைப் பையன்கள் கட்டணம் கொடுத்து விளையாடுவார்கள் என்று எண்ணுவது, அவர்கள் தெருவுக்குத் திரும்புவதற்கான ஏற்பாடு.

விடுமுறைக்குச் சிறு குழந்தைகளோடு வருகிறவர்கள் ஐந்தரை மணிக்கு முன் வெளியே கிளம்ப வேண்டாம். கொசு விரட்டிக் களிம்பும் குடிநீரும் கையில் இருக்கட்டும். கழிப்பறை பூட்டியிருக்கலாம் என்று எண்ணியே போங்கள். சறுக்கில் ஏற்றும் முன் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள், ஊஞ்சலின் கொக்கியை அண்ணாந்து பாருங்கள், கம்பிகளின் இடைவெளியைக் கையால் அளந்து பாருங்கள்: 9 சென்டிமீட்டருக்கும் 23 சென்டிமீட்டருக்கும் இடைப்பட்ட சந்தில் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளக் கூடும். பழுது கண்டால் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகார் தரலாம், புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். ஊஞ்சலைக் கழற்றாமல் கொக்கியை மாற்றித் தரும்படி புகாரிலேயே சேர்த்துச் சொல்வது நலம்.