தமிழ் எழுத்து விளையாட்டுக்கு எந்த எஞ்சின்? யூனிட்டி, கோடோ, ஃப்ளட்டர்

என் அண்ணன் மகளுக்கு ஆறு வயது. எழுத்துக் கூட்டும் விளையாட்டு ஒன்றை அரைகுறையாகச் செய்து, போனை அவள் கையில் கொடுத்தேன். திரையில் மாம்பழப் படம், அதற்குக் கீழே காலிக் கட்டங்கள். விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "சித்தப்பா, மாம்பழம் அஞ்சு எழுத்துதானே? ஏன் எட்டுக் கட்டம் போட்டிருக்கீங்க?"

தப்பு என்னுடையதுதான். சொல்லின் நீளம் எவ்வளவு என்று நிரலிடம் கேட்டு, அது சொன்ன எண்ணிக்கைக்குக் கட்டம் போட்டிருந்தேன். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் ‘மா’ என்பது ம, துணைக்கால் என இரண்டு குறிகள். ‘ம்’ என்பது ம, புள்ளி என இரண்டு. கூட்டினால் எட்டு வந்துவிடும்.

விளையாட்டு செய்ய உதவும் மென்பொருள்களான கேம் எஞ்சின்களை ஒப்பிடும் கட்டுரைகள் கிராஃபிக்ஸ், வேகம், 3டி என்று போகும். மொபைலில் அ, ஆ சொல்லிக்கொடுக்கும் விளையாட்டுக்கு அதெல்லாம் அப்புறம். இங்கே எழுத்துதான் விளையாட்டுப் பொருள். அதை எஞ்சின் ஒழுங்காக வரைகிறதா, ஒழுங்காக எண்ணுகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

யூனிட்டியிலிருந்து தொடங்கலாம். ஆள் பலம் அதற்குத்தான் அதிகம். எந்தச் சந்தேகத்துக்கும் வீடியோ கிடைக்கும், அதன் இணையக் கடையில் பொம்மைகளும் பின்னணிகளும் விலைக்கும் இலவசமாகவும் கிடைக்கும், அதன் நிரல் மொழியான சி ஷார்ப் தெரிந்தவர்களும் ஏராளம். இடிக்கிற இடம் எழுத்து. யூனிட்டியில் பெரும்பாலானோர் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ என்ற எழுத்து வரையும் கருவி, குறிகளை வந்த வரிசையிலேயே அடுக்கும். ‘கெ’ என்று எழுதினால் க முன்னால் நிற்கும், கொம்பு பின்னால் போய் ஒட்டும். ‘கு’, ‘மு’ போன்றவை சேர்ந்து ஒரே வடிவமாகாமல் தனித்தனியாகக் கிடக்கும். படிக்கத் தெரிந்தவர் ஊகித்துப் படித்துவிடுவார். அன்றுதான் ‘கெ’ கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு அது தப்பான பாடம்.

இதற்கு ஒரு பழைய குறுக்கு வழி உண்டு. பாமினி மாதிரியான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவைப் போட்டுவிட்டு, சொற்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்வார்கள். திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். நிரலுக்குள்ளோ ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கும். அப்புறம் சொல்லைத் தேடவோ பிரிக்கவோ உட்கார்ந்தால் தலைவலிதான். யூனிட்டி 6-இல் யூஐ டூல்கிட்டுக்குள் ஹார்ஃப்பஸ் நிரலகத்தை வைத்து எழுத்துகளைக் கோக்கும் புதிய அமைப்பு வந்திருக்கிறது. மெனுவுக்கும் பொத்தானுக்கும் அது போதும். காட்சிக்குள் எழுத்துக் குமிழிகள் மிதக்க டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவையே பயன்படுத்தினால் பழைய பிரச்சினை திரும்பி வரும். குறைந்த எழுத்துகள் போதுமென்றால் ஒவ்வொன்றையும் படமாகவே வரைந்து வைத்துவிடலாம். 247 படம் ஒன்றும் பெரிய பாரமில்லை. சொற்களும் வாக்கியங்களும் வரும்போதுதான் அது தாங்காது.

கோடோவில் இந்தக் கதை 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் வந்த 4.0 பதிப்பில் ஹார்ஃப்பஸ் உள்ளேயே சேர்ந்துவிட்டது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை ப்ராஜெக்டில் போட்டு, லேபிளில், அதாவது எழுத்தைக் காட்டும் பெட்டியில், ‘கொக்கு’ என்று எழுதினால் கொக்கு வரும். கோடோ 3-க்கான பழைய வீடியோவைப் பார்த்துத் தொடங்கினால் மட்டும் வராது. இதில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. எண்ணிக்கை விஷயத்தில் கோடோவும் மாம்பழத்துக்கு எட்டு என்றுதான் சொல்லும். துணைக்குறிகளை முந்தைய எழுத்தோடு சேர்க்க ஒரு பத்து வரி எழுத வேண்டியிருக்கும். விலை குறைந்த போன்களை நினைத்தால், படம் வரையும் முறையாகத் தொடக்கத்திலேயே கம்பாட்டிபிலிட்டி ரெண்டரரைத் தேர்ந்தெடுங்கள். வல்கன் என்ற கிராஃபிக்ஸ் வசதி சரியாக இல்லாத போனிலும் அது ஓடும்.

ஃப்ளட்டர் மொபைல் செயலிகள் செய்யும் கருவி, எண்ணுவதில் கெட்டிக்காரன். அதன் நிரல் மொழியான டார்ட்டில் கேரக்டர்ஸ் என்றொரு வசதி இருக்கிறது. அதன் வழியாகக் கேட்டால் மாம்பழத்துக்கு ஐந்து என்றே பதில் வரும். எழுத்து வடிவமும் பிசகாது. (க்ஷ, ஸ்ரீ ஒவ்வொன்றையும் ஒரே எழுத்தாக எண்ண வேண்டுமென்றால் நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொல்லை எங்கே போனாலும் உண்டு.) அட்டையைப் புரட்டுவது, சரியான விடையைத் தொடுவது, இழுத்துக் கட்டத்தில் போடுவது போன்றவற்றுக்கு ஃப்ளட்டர் மட்டுமே போதும். ஓடுவதும் குதிப்பதும் வேண்டுமென்றால் அதன் மேல் ஃபிளேம் என்ற நிரலகத்தைச் சேர்க்கலாம். ஆனால் காட்சியை இழுத்துப்போட்டு அமைக்கிற எடிட்டர் ஃப்ளட்டரில் கிடையாது, எல்லாமே நிரல்தான். படம் வரைகிற நண்பரோடு சேர்ந்து செய்வதாக இருந்தால் அவருக்கு இது பிடிக்காது.

விரலால் எழுத்தின் மேல் வரைந்து பழகும் பகுதிக்கு மூன்றுமே ஒன்றுதான். வழியில் புள்ளிகளை வைத்து, விரல் வரிசையாகத் தொடுகிறதா என்று பார்த்தால் போதும். ஒலியிலும் வித்தியாசமில்லை. போனிலேயே இருக்கும் இயந்திரக் குரலை மட்டும் நம்பாதீர்கள். ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்லும் ஒருவரை வீட்டிலேயே பிடித்துப் பதிவு செய்யுங்கள். நான் பிடித்தது என் அம்மாவை.

காசு? கோடோ எம்ஐடி என்ற கட்டணமில்லா உரிமத்தில் வருகிறது, ஃப்ளட்டரும் திறமூலம். யூனிட்டி சிறு வருமானக்காரர்களுக்கு இலவசம். நிறுவல் எண்ணிக்கைக்குக் கட்டணம் என்று 2023 செப்டம்பரில் அது அறிவித்து, ஓராண்டு கழித்து ரத்து செய்தது. அந்தக் கலவரத்தில் கோடோவுக்கு மாறியவர்கள் பலர். எதில் செய்தாலும் கூகுள் ப்ளேயில் பதிவுக்கு ஒரே முறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். முதல் விளையாட்டை ஆண்ட்ராய்டோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை.

என் தேர்வு கோடோ 4. வினாடி வினா மட்டும்தான் என்றால் ஃப்ளட்டர். யூனிட்டி ஏற்கெனவே கைக்கு வந்தவர்கள், 3டி நிச்சயம் வேண்டும் என்பவர்கள் அங்கேயே இருக்கலாம். ஆனால் எதையும் முடிவு செய்வதற்கு முன் ஒரு மாலை செலவழியுங்கள். காலி ப்ராஜெக்ட், ஒரே ஒரு லேபிள், அதில் ‘கொய்யாப்பழம்’. கணினித் திரையில் வேண்டாம், போனில் ஏற்றிப் பாருங்கள். கொம்பு சரியான இடத்தில் நிற்கிறதா? கட்டம் ஏழா, பன்னிரண்டா?