நீல லைட் பல் வெளுப்புப் பெட்டி: காசு கொடுக்க முதல் வாசியுங்கள்

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் கலியாணத்துக்கு நாள் குறித்த பிள்ளைகள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். "ஏழு நாளில் எட்டு ஷேட் வெள்ளை" என்று பேஸ்புக்கில் விளம்பரம். கூரியர்காரரிடம் காசைக் கொடுத்த பிறகுதான் பெட்டியைத் திறக்கலாம். உள்ளே மூன்று ஜெல் சிரிஞ், எல்லார் வாய்க்கும் ஒரே அளவில் ஒரு சிலிக்கன் ட்ரே, நீல எல்ஈடி லைட், ஒரு நிற அட்டை. சிரிஞ்சில் சேர்மான விபரம் இல்லை, காலாவதித் திகதி இல்லை, இறக்குமதி செய்தவர் பெயரும் இல்லை. பல் கூசுகிறது என்று வட்ஸ்அப்பில் எழுதினால் "அது மருந்து வேலை செய்யிற அடையாளம்" என்று பதில் வரும். மறுபடி எழுதினால் நம்பரை பிளொக் பண்ணிவிடுவார்கள்.

முதல் நாள் பல் உண்மையாகவே வெளுத்துத் தெரியும். ஏமாற்று அங்கேதான் இருக்கிறது. அரை மணித்தியாலம் ட்ரேயைக் கவ்வியிருந்தால் எனாமலில் (பல்லின் கடினமான வெளிப்படை) உள்ள ஈரம் குறைந்து பல் சுண்ணாம்பு போல வெளிறும். எச்சில் ஊற ஊற, பெரும்பாலும் ஒரு நாளுக்குள், பழைய நிறம் திரும்பிவிடும். ட்ரேயைக் கழற்றிய கையோடு எடுத்த படத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். நிறத்தை உண்மையில் மாற்றுவது பெரொக்சைட் என்ற வெளுக்கும் இரசாயனம். பற்றரியில் எரியும் அந்தச் சின்ன லைட் அதற்குச் சொல்லும்படி எதையும் கூட்டுவதில்லை.

ஜெல்லில் என்ன இருக்கிறது என்று ஓரளவு வீட்டிலேயே பார்க்கலாம். பச்சை உருளைக்கிழங்குத் துண்டில் ஒரு துளி வையுங்கள். பெரொக்சைட் இருந்தால் கிழங்கிலுள்ள நொதி அதை உடைத்து நுரை கிளப்பும். நுரையே இல்லையென்றால் பெரொக்சைட் இல்லை, அல்லது வெக்கையில் கிடந்து செத்துவிட்டது. இன்னொரு துளியில் அப்பச்சோடா தூவுங்கள். சீறிப் பொங்கினால் அது அமிலம், வாயில் வைக்கவே வேண்டாம். "பெரொக்சைட் இல்லாதது, பாதுகாப்பானது" என்று விற்கும் சிலவற்றில் சோடியம் குளோரைட்டும் (sodium chlorite; கறியுப்பான sodium chloride அல்ல, வேறு பொருள்) சிற்றிக் அமிலமும் சேர்ந்திருக்கும். அது எனாமலை அரிக்கும், அரித்த எனாமல் திரும்ப வளராது.

விளம்பரத்தில் வரும் "35%" என்ற எண்ணும் ஆளை மயக்கும். 10% காபமைட் பெரொக்சைட் என்பது ஏறக்குறைய 3.5% ஹைட்ரஜன் பெரொக்சைட். 35% என்றால் சுமார் 12%. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் 0.1 சதவீதத்துக்கு மேல், 6 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெரொக்சைட் உள்ளதை பல் வைத்தியர் ஊடாக மட்டுமே பெறலாம், 18 வயதுக்குக் கீழே கிடையாது. பொருந்தாத ட்ரேயில் இவ்வளவு கடுமையான ஜெல்லை நிரப்பினால் வழிந்து முரசை வெள்ளையாகச் சுட்டுவிடும்.

வீட்டில் செய்வதில் எங்கள் தெரிவு ஒன்றுதான்: பல் வைத்தியர் உங்கள் பல்லுக்கே அச்செடுத்துச் செய்த ட்ரேயும் 10% காபமைட் பெரொக்சைட்டும். முன்பல் ஒவ்வொன்றுக்கும் அரிசியளவு, இரவு முழுக்க, இரண்டு வாரம். கூச்சம் வந்தால் ஒரு இரவு விட்டு, 5% பொட்டாசியம் நைத்திரேற்று உள்ள பற்பசையை ட்ரேயில் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். பல்லில் ஒட்டும் வெளுப்பு ஸ்ட்ரிப்பும் வேலை செய்யும். ஆனால் நெளிந்த பல்லில் ஒட்டாத இடம் திட்டுத் திட்டாக நிற்கும். ஊதா பற்பசை சில மணித்தியாலத்துக்கு மஞ்சளை மறைக்கும், அவ்வளவுதான். கரித்தூள் தேய்த்தெடுப்பது மேற்கறையை, கூடவே எனாமலையும். தேசிக்காய்ப் புளி வேண்டவே வேண்டாம்.

வெற்றிலைக் கறை, பிளேன்டீக் கறை என்றால் முதலில் பல்லைக் கிளீன் பண்ணிப் பாருங்கள். பலருக்கு அதோடேயே போதும். பல் அடைப்பும் கிரவுனும் (பல்லின் மேல் போடும் உறை) எந்த ஜெல்லுக்கும் நிறம் மாறாது. அனுராதபுரப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணியில் வளர்ந்து, புளோரைட்டால் வெள்ளைப் புள்ளி உள்ளவர்களுக்கு அந்தப் புள்ளி தொடக்கத்தில் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் பாவிப்பதை நிறுத்துங்கள். முரசு புண்ணாகியிருந்தால், பல் விடாமல் கூசினால் வைத்தியரிடம் காட்டுங்கள். பெட்டி, சிரிஞ், கூரியர் பில், வட்ஸ்அப் உரையாடல் ஒன்றையும் எறியாமல் வைத்துக்கொண்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுங்கள். முறைப்பாட்டை எழுத்திலும் கொடுங்கள்.