விலை கொடுத்த முடிவு, கொடுக்காத முடிவு

கடைசி எபிசோட் முடிந்ததும் என் அக்கா மகன் கைப்பேசியை மெத்தைமேல் எறிந்துவிட்டு, "அய்யோ சித்தி, அவ்வளவுதானா?" என்றான். (எங்கள் மொரீசியசில் தமிழ் மறந்த வீட்டிலும் 'அய்யோ' மறக்கவில்லை. ஊர்மொழியான கிரியோலிலும் அதே சொல்தான்.) பார்த்தது 'தி ப்ராமிஸ்டு நெவர்லேண்ட்' என்ற அனிமேயின் (ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்) இரண்டாம் சீசன். அதன் மூலமான மங்காவின் (ஜப்பானியப் படக்கதை) 20 தொகுதிகளையும் பிரெஞ்சில் படித்து முடித்தவன் அவன். மங்காவை மாற்றினாலே அனிமே கெட்டுப்போகும் என்பது அவன் கட்சி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் கையில் 2003-ஆம் வருட 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' இருந்தது. அதன் முடிவும் மங்காவின் முடிவு இல்லைதான், ஆனால் எனக்கு இன்னும் பிடிக்கும்.

இரண்டின் முடிவும் கீழே வருகிறது. பார்க்காதவர்கள் இப்போதே விலகிக்கொள்ளலாம்.

முதலில் ஆல்கெமிஸ்ட். ஹிரோமு ஆரகவா 2001-இல் தொடங்கிய மங்கா 2010-இல்தான் முடிந்தது. போன்ஸ் ஸ்டுடியோவின் அனிமே 2003 அக்டோபரிலேயே வந்துவிட்டது. 51 எபிசோட் எடுக்க வேண்டும், ஆனால் மூலக்கதை பாதி வழிகூட வரவில்லை. ஆகவே அவர்களே ஒரு பாதை போட்டார்கள். மங்காவில் ஹோமுன்குலஸ் என்ற செயற்கை மனிதர்களை உருவாக்குகிறவன் ஒருவன். அனிமேயிலோ செத்தவரை உயிர்ப்பிக்க முயன்று தோற்றவர்களின் பாவமே ஹோமுன்குலஸாக எழுந்து வருகிறது. ஏன் இப்படி மாற்றினார்கள் என்று யோசித்தால் காரணம் கிடைக்கும். அம்மாவை மீட்கப் போய் ஒருவன் கைகாலையும் மற்றவன் உடம்பையே பறிகொடுத்த இரண்டு பையன்களின் கதை இது. அவர்கள் செய்த தப்பே அவர்களைத் துரத்துகிறது.

ஒன்றைப் பெற வேண்டுமானால் அதற்கு ஈடான ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது இந்தக் கதையின் சட்டம். இரண்டு முடிவுகளையும் அந்தச் சட்டத்தை வைத்தே நிறுத்துப் பார்க்கலாம். 2003 அனிமேயில் தம்பி அல் அண்ணனுக்காகத் தன்னைக் கொடுக்கிறான், அண்ணன் எட் தம்பிக்காகத் தன்னைக் கொடுக்கிறான். அல்லுக்கு உடம்பு கிடைக்கிறது, ஆனால் சேர்ந்து அலைந்த வருடங்களின் ஞாபகம் போய்விடுகிறது. எட் தன் உலகத்தை விட்டு நம் உலகத்தின் மியூனிக் நகரில் வந்து விழுகிறான். ஒருவரை ஒருவர் தேடுவதோடு கதை நிற்கிறது. கசப்பான முடிவுதான், ஆனால் கணக்கு நேர்.

மங்காவில் தம்பியை மீட்க எட் கொடுப்பது தன் ரசவாத சக்தியையே. பிற்பாடு கூரை ரிப்பேர் செய்யும்போது ரசவாதம் செய்த பழக்கதோஷத்தில் கைதட்டி ஓட்டின்மேல் வைக்கிறான். ஒன்றும் நடப்பதில்லை. இந்தச் சின்னக் காட்சிக்காகவே மங்கா முடிவு ஒரு படி மேல் என்பேன். அதை அப்படியே பார்க்க 2009-இல் தொடங்கிய 64 எபிசோட் 'பிரதர்ஹுட்' இருக்கிறது. மங்கா முடிந்த சில வாரங்களில் அதுவும் முடிந்தது. ஆனால் அதற்குத் தொடக்கத்தில் அவசரம். பையன்களுக்கு நண்பரான ராணுவ அதிகாரி ஹியூஸ் அதில் 10-ஆம் எபிசோடிலேயே செத்துப்போகிறார். பழையதில் 25-ஆம் எபிசோடு வரை உயிரோடிருந்து, மகள் படத்தைக் காட்டிக் காட்டி நம்மை அறுத்துத் தீர்க்கிறார். அப்புறம் அந்தச் சின்னப் பெண், அப்பாவை ஏன் மண்ணில் புதைக்கிறீர்கள் என்று கேட்கும்போது, பழையதைப் பார்த்தவர்களுக்கு வலி கூடுதல்.

இப்போது நெவர்லேண்ட். அரக்கர்களுக்கு இரையாக வளர்க்கப்படும் அநாதை இல்லத்துப் பிள்ளைகள், எம்மா என்ற சிறுமியோடு தப்பியோடும் கதை. இங்கே மூலக்கதை முடியவில்லை என்ற சாக்குகூட இல்லை. மங்கா 2020 ஜூனில் 181 அத்தியாயங்களோடு முடிந்தது, இரண்டாம் சீசன் 2021 ஜனவரியில் வந்தது. முதல் சீசன் 37 அத்தியாயங்களை 12 எபிசோடில் நிதானமாகச் சொன்னது. மிச்சம் 144 அத்தியாயங்கள். அவற்றுக்குக் கிடைத்தது 11 எபிசோட். அரக்கர்கள் பிள்ளைகளை வேட்டையாடும் கோல்டி பாண்ட் பகுதி முழுக்கப் போச்சு. பதுங்குகுழியில் தனியாகக் கிடந்து பாதி பைத்தியமான யூகோவும் போனார். கடைசியில் எம்மா சில பேரோடு அரக்கர் உலகத்திலேயே தங்கிவிட, அங்கே நடந்ததெல்லாம் அசையாத படங்களாக வரிசையாக ஓடி முடிகிறது. கல்யாண ஆல்பம் புரட்டுகிற மாதிரி. மங்காவை எழுதிய கையு ஷிராயே இந்த சீசனில் வேலை செய்தவர். ஆனால் கடைசி எபிசோடில் கதை அமைப்பு என்று எவர் பெயரும் வரவில்லை.

"ஏழு கறின்னு இலை போட்டு உக்கார வச்சிட்டு, மூணாவது கறியிலேயே இலையை எடுத்துட்டாங்க சித்தி" என்றான் பையன். சரியாகச் சொன்னான். ஆனால் எனக்கு வேறொரு குறையும் உண்டு. மங்காவில் எல்லாப் பிள்ளைகளையும் மனித உலகத்துக்குக் கொண்டுபோக எம்மா கொடுக்கிற விலை, அவள் குடும்பமே. யாரையும் ஞாபகமில்லாமல் பனிமலையில் ஒரு கிழவரோடு தனியே வாழ்கிறாள். தேடிக் கண்டுபிடித்தவர்கள் எதிரே நிற்கும்போது அவர்கள் யாரென்று தெரியாமலே அவளுக்குக் கண்ணீர் வழிகிறது. அனிமேயின் எம்மா அப்படி எதையும் இழக்காமல், பின்னால் சிரித்துக்கொண்டு மனித உலகத்துக்கு வந்து சேருகிறாள். அத்தனை பயத்தையும் சாவையும் காட்டிய கதைக்கு இந்த முடிவு இனாமாகக் கிடைத்தது போல இருக்கிறது.

நேரம் இருப்பவர்கள் ஆல்கெமிஸ்டில் 2003-ஐ முதலில் பாருங்கள், பிரதர்ஹுடைப் பிறகு. வரிசையை மாற்றினால் பழையது சப்பென்றிருக்கும். நெவர்லேண்டில் முதல் சீசனோடு அனிமேயை நிறுத்திவிட்டு, மங்காவை 38-ஆம் அத்தியாயத்திலிருந்து எடுங்கள். அக்கா மகனின் தொகுதிகள் இப்போது என் வீட்டில்தான் இருக்கின்றன. பதினொன்றாவதைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று நேற்றும் கேட்டான்.