திருப்பாப்புலியூர் ரோல் பாலீஷ் கடை: ஒன்பது துணியோடு போய்வந்த அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். தபால் துறையில் வேலை பார்த்து, போன வருஷம் ஓய்வு பெற்றேன். கீழ்வீட்டை மகளுக்கும் மருமகனுக்கும் விட்டுவிட்டு நாங்கள் மாடி போர்ஷனுக்குப் போவது என்று முடிவானதும், முதலில் எழுந்த கேள்வி பீரோ. இருக்கிற மூன்றில் ஒன்றுதான் மாடி ஏறும். அதாவது, இத்தனை வருஷமாகக் கட்டாமல் அடுக்கியே வைத்திருந்த துணிகளைப் பற்றி இனிமேலாவது ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

"ஒரு வருஷம் கட்டலேன்னா குடுத்துடும்மா, அவ்ளோதான்" என்றாள் மகள். நைட்டிக்கும் சுடிதாருக்கும் அது சரி. பட்டுக்கு எப்படிச் சரியாகும்? மாமனார் தவறியபோது வருஷம் திரும்பும் வரை வீட்டில் நல்லநாள் பெருநாள் கிடையாது. அது முடிந்த கையோடு கொரோனா வந்தது. இரண்டரை வருஷம் ஒரு பட்டைக்கூடக் கட்டவில்லை. அதற்காக அத்தனையையும் எடுத்துக் கொடுத்துவிட முடியுமா?

எதிர்வீட்டு அக்காதான் இந்தக் கடையைச் சொன்னார். பாடலீஸ்வரர் கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில், இரண்டு பேர் நின்றால் நிறைந்துபோகும் கடை. 'ரோல் பாலீஷ், டார்னிங், ஃபால்ஸ், குஞ்சம், பழைய பட்டு வாங்கப்படும்' என்று பலகை. பட்டை ரோலரில் ஏற்றிக் கஞ்சி விறைப்போடு சுருக்கம் எடுப்பதுதான் ரோல் பாலீஷ், கிழிசலை நூலோட்டி அடைப்பது டார்னிங். கணவர் பாலீஷும் பேச்சும் பார்த்துக்கொள்கிறார், மனைவி உள்ளே உட்கார்ந்து தைக்கிறார். ஒரு பெரிய கட்டைப்பையில் ஒன்பது துணி எடுத்துப் போனேன்.

போகும்போதே மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். மாமியாரின் கத்தரிப்பூ நிறப் பட்டை விற்றுவிடுவது. கனமான ஜரிகை, வெள்ளி விலை ஏறிக் கிடக்கிறது, நான் அதை ஒரு தடவைகூடக் கட்டியதில்லை. என் முகூர்த்தப் புடவையை மட்டும் எப்பாடுபட்டாவது சரிசெய்து வைத்துக்கொள்வது. திரும்பி வந்தபோது இரண்டுமே தலைகீழாகியிருந்தன.

அவர் எந்தத் துணியையும் எடுத்த எடுப்பில் விலை பேசவில்லை. ஒவ்வொன்றையும் மேசையில் விரித்து, "இதை ஏம்மா கட்டறதில்ல?" என்று கேட்டார். அதே கேள்விதான், ஒன்பது தடவையும். எத்தனை நாளாகக் கட்டவில்லை என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

சீமந்தத்துக்கு வந்த மாம்பழ மஞ்சள் பட்டுக்கு யோசிக்காமல் பதில் சொன்னேன், "ஜாக்கெட் பத்தல தம்பி." அடுத்து, நாத்தனார் கல்யாணத்துக்கு எடுத்த பச்சை. அதற்கும் ஜாக்கெட் பத்தவில்லை. அடுத்து அவர் மாமியாரின் புடவையை எடுத்தார். அதன் ஜாக்கெட் மாமியார் அளவு. சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. புடவை எல்லா உடம்புக்கும் வரும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தைத்த ஒரு முழத் துணி கொக்கி மாட்ட வரவில்லை என்பதற்காக நல்ல பட்டுகளை நான் பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். கடைக்காரரின் மனைவி, அந்த அம்மா, மஞ்சள் ஜாக்கெட்டை உட்புறம் திருப்பிப் பக்கத் தையலைக் காட்டினார். இரண்டு பக்கமும் முக்கால் இஞ்ச் துணி உள்ளே விட்டுத் தைத்திருந்தது. பிரித்தால் போதும். பச்சையில் அப்படி விடவில்லை. அதற்கு முந்தி நிறத்திலேயே ரெடிமேட் ஜாக்கெட் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அது தன் கடையில் விற்பதில்லை என்றும், எந்தக் கடையில் கிடைக்கும் என்றும் அவரே சொன்னார்.

கடைக்காரர் மாமியாரின் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடிப்புகளில் ஒரு கீறல் இல்லை. மாமியார் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தார், நானும் அதை மாற்றவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றி வைப்பது மட்டும் அவர் பழக்கத்திலிருந்து எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜரிகை லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான். "விக்கணும்னா எடுத்துக்கறேன்" என்றார். "ஆனா ஒண்ணு சொல்லிடறேம்மா. பழைய பட்டுன்னு நாங்க வாங்கறதை யாரும் கட்ட மாட்டாங்க. மொத்தமா எரிச்சு, சாம்பலை உருக்கித்தான் வெள்ளி எடுப்பாங்க. இது எரிக்கிற துணி இல்ல."

எனக்கு இது தெரியாது. தெருவில் பைக்கில் 'பழைய பட்டுப்புடவை, வெள்ளி ஜரிகை வாங்குறோம்' என்று ஒலிபெருக்கி வைத்து வருபவர்களிடம் பத்து வருஷத்துக்கு முன் அம்மாவின் புடவை ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். எண்ணூறு ரூபாய். யாரோ ஒரு ஏழைப் பெண் கட்டிக்கொள்வாள் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். அன்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். இந்தக் கடையை நான் பாராட்டுவதற்கு முதல் காரணம் இதுதான். வாங்குகிறவரே, விற்பதற்கு முன்பே, துணி எங்கே போகும் என்று சொல்லிவிடுகிறார்.

பிறகு என் முகூர்த்தப் புடவை. 1989இல் காஞ்சிபுரம் போய் எடுத்தது. அரக்கு உடல், கடுகுப் பச்சைக் கரை, உடலையும் கரையையும் தனித்தனி ஊடு நூலில் நெய்து இணைத்த கோர்வை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் எங்கள் ஓட்டுவீட்டின் பாதிக் கூரை போய்விட்டது. பீரோவுக்குள் தண்ணீர் இறங்கி, இரண்டு நாள் கழித்துத்தான் திறக்க முடிந்தது. அரக்கு நிறம் கரையில் இறங்கியிருந்தது. மாடிப்படியில் நிழலில் காயப்போட்டு, அப்புறம் பூச்சி வரக்கூடாது என்று அந்துருண்டை போட்டு, பிளாஸ்டிக் கவரில் வைத்துக் கட்டினேன். பத்திரமாக வைத்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் அதை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். மடிப்பு மடிப்பாக வெளிச்சம் கோடு போட்டு வந்தது. ஒரு மடிப்பின் இரண்டு பக்கமும் விரல் வைத்து, இழுக்கக்கூட இல்லை, லேசாக விரித்தார். பட்டு சத்தமில்லாமல் பிரிந்தது. நனைந்த அப்பளம் பிரிகிற மாதிரி. ஜரிகை பல இடங்களில் கறுத்திருந்தது. ஈரம் போக வழியில்லாத பிளாஸ்டிக் கவரும், ஜரிகையை ஒட்டிக் கிடந்த அந்துருண்டையும், நம் ஊர்க் கடல்காற்றும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும் என்றார். ரோலரில் ஏற்றினால் துண்டு துண்டாகிவிடும், டார்னிங் போட்டால் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் கிழியும். "ஜரிகை நல்ல ஜரிகைம்மா" என்று நகத்தால் சுரண்டிக் காட்டினார். வெள்ளிக் கம்பிக்கு உள்ளே சிவப்புப் பட்டு நூல். அந்த நாள் அசல் ஜரிகைக்கு அதுதான் அடையாளம். வெள்ளியை மெல்லிய தகடாக்கிச் சிவப்பு நூலின் மேல் சுற்றி, தங்க முலாம் கொடுத்தது.

அன்று கொடுக்கவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்து ஒரு வாரம் வைத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் பிரித்துத் தோளில் போட்டுப் பார்த்தேன். தோள்பட்டையில் இன்னொரு மடிப்பு விட்டது. என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தவர், "இன்னும் எத்தனை தடவை எடுத்துப் பார்ப்ப, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிழியுது" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை எடுத்துப் போனேன். அந்த அம்மா முந்தியில் ஒரு சாண் அளவு, இரண்டு அன்னம் வரும் இடமாகப் பார்த்து வெட்டி, பின்னால் மல் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. மீதிக்கு 4,600 ரூபாய் கொடுத்தார்கள்.

விலை கொஞ்சம் குறைவுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் இன்னொருவரிடம் போனில் கேட்டபோது 5,500 வரை தரலாம் என்றார். ஆனால் புடவை என்னாகும் என்று கேட்டதற்கு நேராகப் பதில் வரவில்லை. இவர்களிடமே கொடுத்தேன். விற்பதற்கு மட்டும் போகிறவர்கள் இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஐந்தாவது, ஆறு வருஷத்துக்கு முன் அசல் பட்டு என்று 6,500 ரூபாய்க்கு ஒரு கடையில் நம்பி எடுத்தது. ஓரத்தில் ஒரு நூலை உருவி என் கண்ணெதிரே கொளுத்தினார். பட்டு எரிந்தால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். இது உருகி, கெட்டியாகக் கறுப்பு மணி போல நின்றது. அதை நான் கட்டாததற்குக் காரணம், கட்டினால் வியர்த்து வழியும். காரணம் இப்போதுதான் புரிந்தது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவிடம், இது பட்டில்லை, புழுக்கும், ஆனால் பளபளப்பாக இருக்கும், வேண்டுமா என்று சொல்லியே கேட்டேன். தன் மருமகளுக்குப் பிடிக்கும் என்று எடுத்துக்கொண்டார்.

கேட்டுக் கொடுப்பது எனக்கு முக்கியம். 2004 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினம் போகிற சாலையோரம் மலைமலையாகக் குவிந்து கிடந்த பழந்துணிகளைப் பார்த்தவள் நான். ஸ்வெட்டர், கோட்டு, பட்டன் போன சட்டை, கிழிந்த உள்பாவாடை. நல்ல மனசோடுதான் ஊர் ஊராக அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றையும் இழந்து நின்ற மீனவப் பெண்கள் அந்தக் குவியலைக் கிளறிவிட்டுக் கை உதறிப் போனார்கள். மழையில் நனைந்து அப்படியே மக்கியது. 2024இல் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது நான் கொடுத்தது ஆறு புடவை, நான்கு நைட்டி. எல்லாம் துவைத்து மடித்தது, நானே அடுத்த நாள் கட்டிக்கொள்ளக் கூடியது. நம் பீரோவைக் காலி செய்வதும் இன்னொருவருக்கு உதவுவதும் வேறு வேறு வேலை. ஒரே பையில் இரண்டையும் போடக்கூடாது.

மற்றவை சுருக்கமாக. மகளின் சின்ன வயசுப் பட்டுப்பாவாடையில் இரண்டு டக் பிரித்து, நீளம் கூட்டித் தந்தார்கள். அது அண்ணன் பேத்திக்கு. வரவேற்புக்குப் போட்ட லெஹங்காவைத் தொடவில்லை. அது மகளுடையது, அவள்தான் சொல்ல வேண்டும் என்று அவரே மடித்து என் பையில் வைத்துவிட்டார். டெர்ரிகாட்டன் சஃபாரி நம்மைவிட அதிக நாள் இருக்கும் என்றார். என் வீட்டுக்காரர் அதைப் பாத்திரக்கார அம்மாவிடம் போட்டு ஒரு சம்புடம் வாங்கிக்கொண்டார், வருத்தமே படவில்லை.

ரோல் பாலீஷ் ஒரு பட்டுக்கு 220 ரூபாய் வாங்குகிறார்கள். மூன்று கொடுத்தேன். புடவை கண்ணாடி மாதிரி நிற்கிறது, முந்தியில் சுருக்கம் இல்லை. முதல் தடவை கட்டும்போது கஞ்சி விறைப்பு கொஞ்சம் தெரியும். மாமியார் புடவையைத் தைப்பூசத்துக்கு வடலூர் போகும்போது கட்டினேன். கனம்தான், ஆனால் கொசுவம் வைத்த இடத்தில் அசையாமல் நின்றது.

குறைகளும் உண்டு. வெள்ளிக்கிழமை என்று சொன்னது அடுத்த புதன்கிழமைதான் கிடைத்தது. பில் கிடையாது, எண் எழுதிய துண்டுச்சீட்டுதான். மஞ்சள் ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்ததில் ஒரு பக்கம் வெளிர் நூல் போட்டிருந்தார்கள். சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் நாம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். உட்கார நாற்காலி இல்லை, முழங்கால் வலி உள்ளவர்கள் துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள். முகூர்த்த நாட்கள் அதிகமுள்ள மாதங்களில் போனால் இப்படி நின்று பேச அவர்களுக்கு நேரம் இருக்காது. ஆடி மாதம் நல்லது. ஜாக்கெட்டையும் புடவையோடு சேர்த்தே எடுத்துப் போங்கள்.

ஒன்பதாவது, அப்பாவின் வெள்ளைச் சட்டை. அப்பா புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. மில்லில் வேலை பார்த்தவர். மில் துணியிலேயே எடுத்துத் தைத்தது. 1898இல் தொடங்கிய அந்த மில் 2020இல் மூடப்பட்டது. இனி அந்தத் துணி நெய்து வரப்போவதில்லை. "இதை ஏம்மா போடறதில்ல?" என்று அதற்கும் கேட்டார். காலர் நைந்து நூல் நூலாக நிற்பதைக் காட்டினேன். அந்த அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "உள்பக்கம் புதுசாத்தான் இருக்கு, காலரைத் திருப்பி வெச்சுத் தெச்சா இன்னும் அஞ்சு வருஷம் போடலாம். யாருக்கு அளவு எடுக்கணும்?" என்றார். அது வரைக்கும் அதை யாராவது போடுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. என் வீட்டுக்காரருக்குத் தோள் அளவு அப்படியே பொருந்துகிறது. காலையில் சில்வர் பீச்சுக்கு நடக்கப் போகும்போது போட்டுக்கொள்கிறேன் என்றிருக்கிறார். சீட்டு எண் 214, நாளை சாயங்காலம் போய் வாங்க வேண்டும்.