ஓசூரில் மனை வாங்குகிறவர்கள் சர்வே எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாகலூர் சாலைப் பக்கம் போனால் தெரியும். மனை பார்க்க இலவச வேன், குளிர்ந்த தண்ணீர், மதியம் பிரியாணி. அந்தப் பிரியாணிக்கு நான் கொடுத்த விலை ஒன்றரை லட்சம் ரூபாய்.

2019இல் மாநகராட்சியானது முதலே இங்கே மனை விலை ஏறுமுகம்தான். 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவித்ததும் தரகர்களுக்கே சிறகு முளைத்துவிட்டது. எனக்கு மனை காட்டியவரின் கைப்பேசியில் ஓடுபாதைகூடத் தயார். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தப்படி மைசூரு, ஹாசன் நீங்கலாக 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிய விமான நிலையத்துக்குத் தடை இருப்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நுழைவாயில் வளைவில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் எண்ணும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் பெரிதாக எழுதியிருந்தன. இணையத்தில் சரிபார்த்தேன்; இரண்டும் உண்மை. வில்லங்கச் சான்றும் சுத்தம், ஏனென்றால் நிலம் அவர்களுடையதுதான். ஆனால் அந்த எண்கள் முதல் பகுதிக்கு உரியவை. என் மனையோ, அதே சாலையைப் பின்னால் நீட்டி, அதே மஞ்சள் கல்லை நட்ட ‘இரண்டாம் பகுதி’. போன வருடம் வரை கேழ்வரகு விளைந்த நிலம்.

கண்டுபிடித்தவர், கடனுக்குப் போன இடத்தில் வங்கியின் வழக்கறிஞர். ஒப்புதல் ஆணையையும் என் ஒப்பந்தத்தையும் அருகருகே வைத்துப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். அதில் சர்வே எண்ணின் உட்பிரிவு 2ஏ, இதில் 2பி. ஒப்புதல் வரைபடம் 86ஆம் மனையோடு முடிகிறது, என்னுடையது 112.

“அண்ணா, விவசாய நிலம் என்று காட்டிப் பதிந்துவிடலாம்” என்றார் தரகர். ஒப்புதல் இல்லாத மனையைப் பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவு தடுக்கிறது. ஒப்புதல் இல்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20க்கு முந்தைய மனைகளுக்குத்தான். குறுக்கு வழியில் பதிந்தாலும் வீடு கட்ட அனுமதி யார் தருவார்கள்?

முன்பணமாகக் கொடுத்த அந்த ஒன்றரை லட்சத்தைத் திருப்பிக் கேட்டதும் ‘அண்ணா’ போய் ‘சார்’ வந்தது. ஆறு மாதத்தில் அறுபதாயிரம் கிடைத்தது. மீதிக்குத் தந்த காசோலை பணமில்லாமல் திரும்பியது. காசோலை தந்தவருக்கு 30 நாளுக்குள் அறிவிக்கை அனுப்ப வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டு, 27ஆம் நாள் அனுப்பினேன். வழக்கு நடக்கிறது.

போன ஞாயிறு அந்தப் பக்கம் போனேன். என் கல்லில் 112ஐ அழித்து 41 என்று எழுதியிருக்கிறார்கள். ஆகவே மனை எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பிளெக்ஸில் அச்சடித்த படத்தை ஒதுக்கிவிட்டு, முத்திரையிட்ட ஒப்புதல் வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதையும் சர்வே எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் வைத்துக்கொண்டு, சொந்தமாக ஒரு நில அளவையாளரை அழைத்துப் போய் நான்கு எல்லைகளையும் அளந்த பிறகு முன்பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.