நிலநடுக்க ஒத்திகை: சொல்லிவிட்டா, சொல்லாமலா?

திருகோணமலை உப்புவெளியில் டியூட்டரி நடத்தும் தோழி கேட்டாள்: பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிச் செய்வதா, திடீரென்று செய்வதா?

செலவு: இரண்டுக்கும் ஒரு விசில் போதும்.

நேரம்: சொல்லிச் செய்தால் அரை மணித்தியாலம், சொல்லாவிட்டால் ஐந்து நிமிடம்.

பயம்: சொன்னால் குறைவு. சொல்லாவிட்டால் சின்னவர்கள் அழுவார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆட்களை இழந்த வீடுகள் திருகோணமலைக் கரையில் உண்டு, பெரியவர்களும் பதறிப்போவார்கள். இதை லேசாக எடுக்காதீர்கள்.

பழக்கம்: பெரிய வித்தியாசம் இதில்தான். சொல்லிச் செய்யும்போது மேசைக்குக் கீழே புகுந்து, ஒரு கையால் தலையையும் பின்கழுத்தையும் மூடி, மறுகையால் மேசைக்காலைப் பிடிக்க ஒவ்வொருவராகத் திருத்தலாம். மேசை நகர்ந்தால் கூடவே நகரவும் பழக்கலாம். சொல்லாமல் செய்தால் தெரிவது வேறு: யார் கதவுக்கு ஓடுகிறார், எந்தப் புத்தகப்பை வழியை மறிக்கிறது.

முதல் இரண்டு தடவையும் சொல்லியே செய்யுங்கள். பிறகு "இந்தக் கிழமை ஒருநாள்" என்று மட்டும் சொன்னால் போதும். வீட்டில் அம்மம்மா இருந்தால் எப்போதும் சொல்லித்தான். அவர் கதிரையில் இருந்தபடியே முன்னுக்குச் சாய்ந்து தலையை மூடட்டும்.

கரையோரத்தில் எந்த வகை என்றாலும் ஒன்று கட்டாயம்: பலமான, நீண்ட அதிர்வு நின்றதும் சுனாமிச் சைரனுக்குக் காத்திராமல் மேட்டு நிலத்துக்குப் போகவேண்டிய வழியை, ஒத்திகையின்போதே நடந்து பாருங்கள்.